3.08 போய் 3.73 வந்தது: பழைய எஃப்-150 பின் ஆக்சிலில் கியர் மாற்றிய கதை

வண்டி 1995 ஃபோர்டு எஃப்-150. 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர், ஐந்து கியர் மேனுவல், பின் சக்கர இழுவை மட்டும். இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1965-இல் தொடங்கி 1996 வரை வந்த இன்ஜின் அது, டைமிங் செயின்கூடக் கிடையாது, கியரோடு கியர் கடித்து ஓடும். செக்கு மாடு மாதிரி மெதுவாகத்தான் போகும், ஆனால் நிற்காது. நான் இருப்பது டென்வர் பக்கம். இங்கேயே கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி. மேற்கே ஐ-70-இல் ஏறினால் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,158 அடியில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் பலம் இழக்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் என் 150 குதிரைத்திறன் அந்த உயரத்தில் நூறு சொச்சம்தான். பின்னால் ஒரு சின்ன டிரெய்லரையும் மாட்டிவிட்டால் ஐந்தாவது கியர் வெறும் அலங்காரம்.

கதவுச் சட்டத்தில் இருக்கும் ஸ்டிக்கரில் ஆக்சில் கோடு 18 என்று போட்டிருந்தது. 18 என்றால் விகிதம் 3.08, சாதா டிஃபரன்ஷியல். அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.08 சுற்று சுற்ற வேண்டும். இந்த எண் கூடினால் இழுவையும் கூடும், இன்ஜின் சுற்றும் கூடும். ஆக்சில் மூடியில் தொங்கிய தகரத் துண்டிலும் 3 08 என்றே அடித்திருந்தது (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கு இழுவை தரும் லிமிடெட் ஸ்லிப் வகை என்றால் நடுவில் ஒரு எல் எழுத்து இருக்கும்). இருந்தாலும் முப்பது வருட வண்டி, நடுவில் யார் எதை மாற்றினார்களோ என்று ஒரு பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். மூன்றைத் தாண்டிக் கொஞ்சம். சரி, 3.08தான்.

வாங்குவதற்கு முன் ஒரு மாலை முழுக்கக் கணக்குப் போட்டேன், அதுதான் இந்த வேலையிலேயே உருப்படியாகச் செலவான நேரம். என் டயர் 235/75ஆர்15, விட்டம் 28.9 அங்குலம். ஐந்தாவது கியர் 0.80. 65 மைல் வேகத்தில் 3.08 வைத்து ஐந்தாவதில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,860 சுற்று, நான்காவதில் 2,330. 3.73 போட்டால் ஐந்தாவதில் 2,260 வரும். அதாவது புது ஐந்தாவது கிட்டத்தட்டப் பழைய நான்காவது. மலையில் நான் எப்படியும் நான்காவதில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், அதனால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, கீழே உள்ள எல்லாக் கியரும் 21 சதவீதம் பலமாகிவிடும். 4.10 போடலாமே என்று ஆசை வந்தது. ஆனால் டென்வருக்குக் கிழக்கே சமவெளியில் 75 மைலில் ஓட்டினால் 2,860 சுற்றில் கத்திக்கொண்டே போகும், இந்த இன்ஜினுக்கு அது பிடிக்காது, அதன் இழுவையெல்லாம் 2,000 பக்கம்தான். 3.55 போதாது என்று பட்டது. ஆக 3.73. முன் ஆக்சிலில் இழுவை இல்லாததால் ஒரு செலவு மிச்சம். நான்கு சக்கர இழுவை வண்டியாக இருந்தால் முன்னாலும் அதே விகிதம் மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முன் சக்கரங்களுக்கும் இழுவை பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் போட்ட அன்றே ஏதாவது உடையும்.

இது 8.8 அங்குல ஆக்சில். உள்ளே சக்கரங்களுக்குச் சுழற்சி தரும் பெரிய பல்சக்கரமான ரிங் கியரின் விட்டம்தான் அந்த 8.8. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டோடு சுற்றி அதைத் திருப்பும் சின்னப் பல்சக்கரம் பினியன். ஊரில் லாரிப் பட்டறையில் இதைக் கிரவுன் என்பார்கள், கிரவுன்-பினியன் என்று ஜோடியாகத்தான் பேசுவார்கள், அதுதான் சரியும்கூட. இரண்டையும் தொழிற்சாலையில் சேர்த்துத் தேய்த்து ஒரே எண் பொறித்து அனுப்புகிறார்கள், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. பழையது 40 பல்லுக்கு 13. புதியது 41-க்கு 11. பெட்டியைத் திறந்ததும் புதுப் பினியனின் தலை பழசைவிடச் சின்னதாக இருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. இந்த ஆக்சிலில் ஒரு நல்ல விஷயம், விகிதம் மாறினாலும் ரிங் கியரைத் தாங்கிச் சுற்றும் கேரியர் அதுவே போதும். வேறு சில ஆக்சில்களில் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால் கேரியரையே மாற்ற வேண்டியிருக்கும்.

கியர் ஜோடியோடு பேரிங், சீல், கிரஷ் ஸ்லீவ், சிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய உலோக வளையம்), புது பினியன் நட் எல்லாம் சேர்ந்த கிட் ஒன்றும் வாங்கினேன். கிரஷ் ஸ்லீவ் மட்டும் உதிரியாக ஒன்று கூடுதலாக. சீலையும் கூடுதலாக ஒன்று வாங்கியிருக்க வேண்டும், அதை அப்புறம் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை. முன் சக்கரங்களுக்குக் கட்டை, பின்னால் ஃபிரேமுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்டு, நியூட்ரல். மூடியைக் கழற்றி எண்ணெயை வடித்தேன். கன்னங்கரேலென்று இருந்தது, ஆனால் இரும்புத் துண்டு ஏதும் இல்லை. பிரேக் டிரம்களைக் கழற்றிவிட்டு, ஸ்டார் பினியன் ஓடும் குறுக்குப் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டைக் கழற்ற வேண்டும். இந்த ஆக்சிலில் அந்த போல்ட் ஒடிவது சகஜம். முந்தின ராத்திரியே துரு நீக்கியை அடித்து ஊறவிட்டிருந்தேன், ஒரு கீச் சத்தத்தோடு வந்துவிட்டது, கோயிலுக்கு ஒரு தேங்காய் கடன். பின்னை உருவி, ஆக்சில் ஷாஃப்டை உள்ளே தள்ளினால் சி வடிவக் கிளிப் கையில் விழும், அப்புறம் ஷாஃப்டை வெளியே இழுத்துவிடலாம்.

ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் மேலே இருக்கும் ஏ.பி.எஸ். சென்சாரை முதலில் கழற்றிவிட வேண்டும். கேரியரில் ரிங் கியருக்குப் பக்கத்தில் ஒரு பல் வளையம் அழுத்திப் பொருத்தியிருக்கிறது, சென்சார் அதைத்தான் படிக்கிறது. கேரியரை நெம்பி எடுக்கும்போது சென்சார் இடத்தில் இருந்தால் போச்சு. பேரிங் தொப்பிகள் இரண்டிலும் இடம் வலம், மேல் கீழ் என்று பஞ்சால் குறி அடித்தேன். அந்தத் தொப்பிகளை ஹவுசிங்கோடு சேர்த்துத்தான் கடைந்திருப்பார்கள், மாறிப் போனால் பேரிங் உட்காராது. கேரியர் வெளியே வரும்போது ஒரு கை கீழே தாங்கலாக இருக்கட்டும், திடீரென்று மடியில் விழும், சரியான கனம். இரண்டு பக்கத்து சிம்மையும் எது எந்தப் பக்கம் என்று எழுதி அளந்து தனித்தனிப் பையில் போட்டேன். தொழிற்சாலையில் போட்ட சிம் வார்ப்பிரும்பு, சுத்தியலால் ஓங்கி அடித்தால் பிஸ்கட் மாதிரி உடையும். அளவுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, மாட்டும்போது கிட்டில் வந்த ஸ்டீல் சிம்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பிளேன்ஜில் நான்கு போல்ட், 12 மி.மீ., பன்னிரண்டு முகத் தலை. பெயிண்டால் குறி போட்டுக் கழற்றினேன். பினியன் நட் 1 1/16 அங்குலம். பினியனைப் பின்பக்கமாகத் தட்டி எடுத்து, பழைய தலைப் பேரிங்கைப் பிடுங்கி, அதன் அடியில் இருந்த சிம்மை மைக்ரோமீட்டரில் அளந்தேன்: 0.030 அங்குலம். இந்த ஒரு எண்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

இங்கே ஒரு தந்திரம். தலைப் பேரிங்கைப் பிரஸ்ஸில் அழுத்தித்தான் பினியனில் ஏற்ற வேண்டும். பினியன் ரிங் கியரை நோக்கி உள்ளே நிற்கும் ஆழம் சரியில்லை என்றால் மறுபடி பிடுங்கி சிம் மாற்றி மறுபடி அழுத்த வேண்டும், இரண்டு தடவை பிடுங்கினால் பேரிங் கெட்டுப் போகும். அதனால் பழைய பேரிங்கின் உள்துளையைத் தேய்த்துப் பெரிதாக்கிக் கையாலேயே நுழையும்படி செய்துகொண்டேன். சோதனைக்கெல்லாம் அது. பழசும் புதுசும் ஒரே உயரமா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

ரிங் கியரைக் கேரியரில் ஏற்றும் முன் கொதிக்கும் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் லேசாக விரிந்து தானாகவே உட்காரும். நன்றாகத் துடைத்துவிட்டு, பத்து போல்ட்டுக்கும் மரை தளராமல் பிடிக்கும் பசை போட்டு எதிரெதிராக 75 அடி-பவுண்டு. இதில் மரை சாதா வலமுறைதான். ஜி.எம். 10 போல்ட் ஆக்சிலில் ரிங் கியர் போல்ட் இடமுறை, அது தெரியாமல் பலம் காட்டி ஒடித்தவர்கள் உண்டு.

முதல் பொருத்தம், 0.030 சிம்மோடு. கிரஷ் ஸ்லீவ் இல்லாமல், பழைய நட்டை வைத்து ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, கேரியரை ஏற்றி, டயல் கேஜை ரிங் கியர் பல்லில் செங்குத்தாக வைத்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தைப் பார்த்தேன். 0.014 அங்குலம். எனக்கு 0.008-லிருந்து 0.010 வரை வேண்டும். ரிங் கியரை பினியன் பக்கம் நகர்த்த ஒரு பக்கத்து சிம்மில் எடுத்து அதே அளவை மறுபக்கத்தில் சேர்க்க வேண்டும், மொத்தம் மாறக் கூடாது, மாறினால் பேரிங் இறுக்கம் கெட்டுவிடும். 0.010 நகர்த்தினால் ஆட்டம் சுமார் 0.007 குறையும் என்பது கைக்கணக்கு, எனக்கும் அப்படித்தான் வந்தது. மூன்று நான்கு இடத்தில் சுற்றிச் சுற்றி அளந்து, ஒவ்வொன்றும் 0.002-க்குள் ஒத்துப்போனதும் மஞ்சள் மார்க்கிங் பேஸ்டைத் தடவினேன்.

பேஸ்ட் தடவி ரிங் கியரைச் சும்மா சுற்றினால் ஒன்றும் தெரியாது. பிளேன்ஜை ஒரு துணியால் இறுக்கிப் பிடித்துப் பாரம் கொடுத்துக்கொண்டே முன்னும் பின்னும் சுற்ற வேண்டும். அப்போதுதான் பல் பல்லில் அழுந்திய இடத்தில் பேஸ்ட் விலகித் தடம் விழும். என் தடம் பல்லின் உச்சியில் விழுந்தது. உச்சியில் விழுந்தால் பினியன் ரிங் கியரை விட்டு விலகி நிற்கிறது என்று அர்த்தம், சிம் கனம் கூட வேண்டும். 0.034 போட்டேன். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, மாட்டி, ஆட்டத்தைத் திருத்தி (பினியன் உள்ளே போனால் ஆட்டமும் குறையும், அதனால் பக்கச் சிம்மையும் மறுபடி மாற்ற வேண்டும்), பேஸ்ட் தடவிப் பார்த்தால் தடம் இப்போது பல்லின் அடியில், வேர்ப் பக்கம். ரொம்ப ஆழம்.

ராத்திரி பத்து மணி. நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் காலம் கழித்த மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன், அங்கே ஞாயிறு காலை. தடத்தைக் காட்டினேன்.

"மாப்ளே, உச்சிக்கும் அடிக்கும் நடுவுல நிக்குதான்னு மட்டும் பாரு. அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நீளவாக்குல எங்க விழுதுன்னு பாத்து மண்டைய உடைச்சுக்காத."

"0.030-ல மேல, 0.034-ல கீழ மாமா."

"அப்புறம் என்னடா என்கிட்ட கேக்குற?"

0.032. நடுவில் கச்சிதமாக ஒரு முட்டை வடிவம், முன் ஓட்டத்திலும் பின் ஓட்டத்திலும். சொல்லப்போனால் மொத்த வேலையும் இந்த ஆயிரத்தில் இரண்டு பங்கு அங்குலத்தைத் தேடுவதுதான், மீதியெல்லாம் கழற்றி மாட்டுவது.

ஞாயிறு. பினியனை ராத்திரியே ஃப்ரீசரில், உறைய வைத்த பரோட்டா பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். காலையில் புதுப் பேரிங்கைச் சமையலறை ஓவனில் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சூடாக்கினேன். வீடு முழுக்க மசகு வாசனை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலை மட்டும் எல்லாம் திறந்துவிட்டாள், அதுவே போதுமானதாக இருந்தது. பேரிங் பினியனில் தானாக இறங்கி உட்கார்ந்துவிட்டது, பிரஸ் தேவைப்படவில்லை.

அடுத்தது கிரஷ் ஸ்லீவ். இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவில் உட்காரும் மெல்லிய குழாய் இது. நட்டை இறுக்க இறுக்க நசுங்கி, பேரிங்குகளைச் சரியான இறுக்கத்தில் பிடித்து வைக்கும். நசுங்க ஆரம்பிக்கவே 300 அடி-பவுண்டுக்கு மேல் வேண்டும், அதனால் பிளேன்ஜில் இரண்டு துளை போட்ட ஆங்கிள் இரும்பை மாட்டித் தரையில் முட்டுக் கொடுத்து, நீளக் கம்பியில் நாலடிக் குழாயைச் செருகி இழுக்க வேண்டும். புதுப் பேரிங்குக்கு வேண்டிய சுழல் இறுக்கம் 16-லிருந்து 29 அங்குல-பவுண்டு. இதை முள் காட்டும் டார்க் ரெஞ்சால்தான் அளக்க முடியும். கிளிக் சத்தம் போடும் வகை இதற்கு உதவாது, சுற்றிக்கொண்டிருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்றல்லவா பார்க்க வேண்டும். அளக்கும்போது கேரியர் உள்ளே இருக்கக் கூடாது, பினியன் மட்டும்.

இழுத்தேன், அளந்தேன், ஆட்டம்தான் இருந்தது. இழுத்தேன், இன்னும் ஆட்டம். மறுபடி இழுத்தேன், 5. இன்னும் ஒரு சின்ன இழுப்பு, 9. முதுகு வலி வேறு. பொறுமை போய்க் குழாயில் ஒரு முழு இழுப்பு இழுத்தேன். 38.

நட்டைத் தளர்த்தி 38-ஐ 25 ஆக்க முடியாது. நசுங்கிய ஸ்லீவ் திரும்ப நீளாது, தளர்த்தினால் பிடிப்பே போய்விடும். ஸ்லீவையே மாற்ற வேண்டும். உதிரி ஸ்லீவ் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன், ஆனால் அதை எடுக்க முன் பேரிங் வெளியே வர வேண்டும், அதற்கு முன் சீல் வெளியே வர வேண்டும், சீலை நெம்பி எடுத்தால் அது செத்த மாதிரி. அரை மணி நேரத்துக்கு முன்தான் அதன் உதட்டில் அழகாகக் கிரீஸ் தடவி அடித்து இறக்கியிருந்தேன். இரண்டு கடை ஏறி இறங்கி மூன்றாவதில் சீல் கிடைத்தது, ஸ்லீவைவிட மலிவு. இரண்டாவது தடவை ஒவ்வொரு இழுப்புக்கும் கடிகார முள் ஒரு நிமிடம் நகரும் அளவுக்கு மேல் திருப்பவில்லை. 12, 15, 19, 22. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பிறகு கேரியர். கடைசி சிம்மைப் பித்தளைச் சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டும், கையால் வழுக்கிக்கொண்டு இறங்கினால் பக்கப் பேரிங்குக்கு இறுக்கம் போதவில்லை என்று பொருள். தொப்பி போல்ட் 75 அடி-பவுண்டு. ஆட்டம் கடைசியாக 0.009. நிம்மதிக்காக இன்னொரு முறை பேஸ்ட் தடவிப் பார்த்தேன், தடம் அதே இடத்தில். குறுக்குப் பின்னுக்கும் ரிங் கியர் பல்லுக்கும் நடுவே இடம் இருந்தது, சிரமம் இல்லாமல் உள்ளே போனது. அதைப் பிடிக்கும் சின்ன போல்ட்டைப் புதிதாகப் போட்டேன், பழசை நம்பவில்லை. மூடிக்கு சிலிகான் பசை, அது காய ஒரு மணி நேரம், பிறகு 80டபிள்யூ-90 கியர் ஆயில் 5.5 பைன்ட். லிமிடெட் ஸ்லிப் இல்லாததால் அதற்கான சேர்மானம் தேவையில்லை.

கியர் மாற்றினால் ஸ்பீடோமீட்டரைத் திருத்த வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். நானும் படித்து வைத்திருந்தேன். 1992-லிருந்து 96 வரை வந்த எஃப்-150-இல் ஸ்பீடோமீட்டர் பொத்தானை வைத்தே அதன் கணக்கு எண்ணை மாற்றலாம், ஆனால் ஆறு தடவைதான் அனுமதி. அந்த ஆறில் ஒன்று போகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவனுக்கு, ஏ.பி.எஸ். சென்சாரைக் கையில் பிடித்திருந்தபோதுதான் உறைத்தது: இந்த வண்டியில் வேகம் படிப்பதும் இதே சென்சார்தான், அது எண்ணுவது கேரியரில் இருக்கும் வளையத்தை. கேரியர் சக்கரத்தோடு சுற்றுகிறது. விகிதம் எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். டயர் அளவு மாறினால்தான் பிசகும். ஓட்டிப் பார்த்து ஃபோன் ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிட்டேன், முன்பு எப்படிக் காட்டியதோ அப்படியே.

பழக்கும் ஓட்டம்: இருபது நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு நன்றாக ஆறவிட வேண்டும், இதை மூன்று தடவை செய்தேன். முதல் தடவை இறங்கி ஹவுசிங்கைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது, ஆனால் கை வைக்க முடிந்தது. 500 மைல் வரை டிரெய்லர் மாட்டவில்லை. அதன் பிறகு எண்ணெயை மாற்றினேன். வடித்த எண்ணெயில் சாம்பல் நிறத்தில் மினுக்கம் இருந்தது, புதுப் பல் பழகும்போது வருவதுதான், விரலில் தேய்த்தால் துணுக்கு ஏதும் தட்டுப்படவில்லை.

போன வாரம் டிரெய்லரோடு ஐ-70. ஜார்ஜ்டவுன் தாண்டிய ஏற்றத்தில் முன்பெல்லாம் மூன்றாவதுக்கு இறங்கி, வலது ஓரமாக, விளக்கை மினுக்கிக்கொண்டு லாரிகளோடு லாரியாக ஊர்வேன். இந்தத் தடவை நான்காவதிலேயே ஏறியது. சுரங்கப்பாதைக்குச் சற்று முன்தான் மூன்றாவது. ஊருக்குள் ஏற்றத்தில் வண்டியை எடுக்கும்போது கிளட்ச்சை இழைக்க வேண்டியிருப்பதும் குறைந்திருக்கிறது. காலி வண்டியில் நெடுஞ்சாலையில் மைலேஜ் கேலனுக்கு ஒரு மைல் குறைந்தது, மலையில் மட்டும் பார்த்தால் வித்தியாசமே இல்லை.

ஒரே ஒரு குறை. 50 மைலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் 45 வரும் வரை மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கிறது, ரேடியோ போட்டால் கேட்காது. மாமாவிடம் சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்பினேன். "0.031 போட்டுப் பாத்தியா?" என்று கேட்கிறார். பதில் இன்னும் போடவில்லை. மூடியின் மேல் வெள்ளை பெயிண்ட் பேனாவால் 41–11, 3.73, சிம் 0.032, ஆட்டம் 0.009 என்று எழுதி வைத்திருக்கிறேன். பழைய 3 08 தகரம் கராஜில் ஆணியில் தொங்குகிறது.